ஆயர் ஈத்தாம் அடிவாரத்தில் ஐந்து செம்மறிகள்

துறைமுகத்தில் வேலை குறைந்துபோன வருடத்தில்தான் நாங்கள் ஆடு வளர்க்கத் தொடங்கினோம். ரப்பர் விலை விழுந்ததும் தோட்டங்களிலிருந்து வரும் சரக்கு குறைந்தது. சரக்கு குறைந்ததும் தொங்கானில் மூட்டை ஏற்றுகிறவர்களுக்குப் பிழைப்பு குறைந்தது. தொங்கான் என்பது கப்பலுக்கும் கரைக்கும் நடுவே சாமான் கொண்டுபோகும் தட்டைப் படகு. என் கணவர் பதினொரு வருடம் அதில் மூட்டை தூக்கியவர். வாரம் ஆறு நாள் இருந்த வேலை இரண்டு நாளாகிப்போனது. மற்ற நாட்களிலும் விடிந்ததும் போய்க் கரையில் நிற்பார். வெயில் ஏறியதும் திரும்பி வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார்.

எங்களுக்குக் கல்யாணமாகி அப்போது நான்கு வருடம். ஒரு குழந்தை பிறந்து ஒன்பதாம் நாள் போய்விட்டது. அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் பேசியதில்லை. நானும் பேசவில்லை. துறைமுகத்துக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடிவீட்டின் பின்கட்டு அறையில் குடியிருந்தோம். நான் பிறந்ததும் அதே சந்தில்தான். என் அப்பாவும் துறைமுகக் கூலி. எனக்கு ஊர் என்றால் பினாங்குதான், வேறு ஊர் தெரியாது. அவர் அப்படியல்ல. ராமநாதபுரம் பக்கம் ஆடு மேய்க்கிற குடும்பத்தில் பிறந்து, பத்தொன்பது வயதில் கப்பலேறி வந்தவர்.

ஒரு நாள் மதியம் சட்டையெல்லாம் சாணி வாடையோடு வந்தார். முகத்தில் ஏதோ ஒரு தெளிவு. நான் கேட்கும் முன்பே சொன்னார்.

"நம்ம ஊரு ஆடு வந்திருக்கு புள்ள. செம்மறி. பார்த்து எத்தனை வருசமாச்சு!"

நாகப்பட்டினத்திலிருந்து வரும் கப்பல்களில் கறிக்காக ஆடுகளும் வரும். மேல்தளத்தில் ஒரு பக்கம் ஆடு, மறு பக்கம் மனிதர்கள். அவற்றை இறக்கிப் பசார் சந்தைக்கு ஓட்டிப்போவது ஒரு கசாப்புக்கடைக்காரர். நாகூர் பக்கத்து முஸ்லிம். நாங்கள் எல்லோரும் அவரை நானா என்றுதான் கூப்பிடுவோம். அன்று இறக்கிய ஆடுகளில் ஐந்து பெட்டைகள் சினை. சினை ஆட்டை ஆட்டுத்தொட்டியில் அறுக்க விடமாட்டார்கள். வைத்துத் தீனி போட நானாவுக்கு இடமில்லை. அவர் தலையில் கைவைத்துக்கொண்டு நின்றபோது, என் கணவர் ஒரு பெட்டையின் வயிற்றைத் தடவிப் பார்த்து, "இது இன்னும் ஒரு மாசத்துல போடும், அது ரெண்டு மாசம்" என்று சொல்லியிருக்கிறார்.

மறுநாள் நானா எங்கள் அறை வாசலுக்கே வந்துவிட்டார். உள்ளே வரவில்லை; செருப்பைக் கழற்றாமல் நின்றபடியே பேசினார்.

"தம்பி, வாரத்துக்கு எடுத்துக்க. பொறக்குற கெடா எனக்கு, பெட்டை உனக்கு. ஆடு தெரிஞ்ச ஆளு நீ. எடுத்துட்டுப் போ லா."

"எடம்?" என்று நான்தான் கேட்டேன்.

இடத்துக்கும் அவரே வழி சொன்னார். ஆயர் ஈத்தாமில் மலையடிவாரத்தில் ஒரு சீனத் தவுக்கேக்கு, அதாவது முதலாளிக்கு, இரண்டு ஏக்கர் ரப்பர் நிலம் இருந்தது. விலை இல்லாததால் மரம் சீவுவதை நிறுத்திவிட்டார். கீழே லாலான் புல் இடுப்பளவு வளர்ந்து கிடந்தது. புல்லை அடக்கி வைத்திருந்தால் போதும், அங்குள்ள குடிசையில் இருந்துகொள்ளலாம் என்றார் தவுக்கே. என் கணவர் அன்றைக்குச் சாப்பிட்ட மாதிரி நான்கு வருடத்தில் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

ஐந்தையும் நடத்தியே கொண்டுபோனோம். அவர் முன்னால், நான் பின்னால் தலையில் பாத்திர மூட்டையோடு. அவை என்ன ஜாதி என்று வழியில் பார்த்தவர்களுக்கெல்லாம் குழப்பம். செம்மறி என்றால் வெள்ளைக்காரர் படத்தில் வருவதுபோலக் கம்பளி மூட்டையாக இருக்கும் என்று நானே நினைத்திருந்தேன். இவற்றுக்குக் கம்பளியே கிடையாது. செங்கல் நிறத்தில் வழவழவென்ற முடி, நீண்ட கால், குச்சி போன்ற வால். இரண்டுக்குக் காது இருக்கவேண்டிய இடத்தில் மொட்டு மாதிரி ஒரு துண்டு மட்டும். யாரும் பொறுக்கி எடுத்து வளர்த்து உருமாற்றாத பழைய ஆடு என்று அவர் பெருமையாகச் சொன்னார். மழையில்லாத காட்டில் முள்ளையும் சருகையும் தின்று, நாளைக்கு ஒருதரம் தண்ணீர் குடித்து உயிர்வாழும் என்றார்.

டத்தோ கிராமாட் சாலையில் பாதி தூரம் போனதும் மழை பிடித்தது. ஐந்தில் மூத்தது நடுச்சாலையில் படுத்துவிட்டது. டிராம் வண்டி பின்னால் நின்று மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவர் குனிந்து, சினை வயிறு அழுந்தாமல் அதைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டார். மற்ற நான்கும் அவர் காலோடு ஒட்டிக்கொண்டு நடந்தன. மூட்டை தூக்கிப் பழகிய தோள் அது. ஆனால் அன்று அவர் தூக்கிய விதம் வேறு. ஆயர் ஈத்தாம் வரை அவர் அதை இறக்கவே இல்லை.

முதல் மூன்று மாதம் நன்றாகத்தான் இருந்தது. அந்த மூன்று மாதத்தை நான் குறைத்துச் சொல்லக்கூடாது. ஊரில் கட்டுவதுபோல அவர் தரையை மெழுகி, சுற்றிலும் கம்பு நட்டு, மேலே அத்தாப்பு ஓலை போட்டுப் பட்டி கட்டினார். லாலானை முற்றவிட்டால் ஆடு தொடாது. வெட்டிவிட்டுத் துளிர் வந்ததும் விட்டால் மேயும். அதைக் கண்டுபிடிக்கவே எங்களுக்கு இரண்டு வாரம் ஆயிற்று. ஊரில் கருவேலங்காய் போடுவார்களாம். இங்கே கருவேல மரத்துக்கு எங்கே போவது? சாலையோரத்துத் தூங்குமூஞ்சி மரங்களின் கீழே கறுப்புக் கறுப்பாகக் காய் உதிர்ந்து கிடக்கும். ஒன்றைக் கடித்துப் பார்த்தேன், இனித்தது. ஒரு மடி பொறுக்கிவந்து போட்டேன். ஐந்தும் முட்டி மோதிக்கொண்டு தின்றன. அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

குட்டிகள் பிறந்தன. ஐந்துக்கு ஐந்து, மூன்று கிடா, இரண்டு பெட்டை. நாக்கை மடித்து ஒரு சத்தம் கொடுப்பார், எல்லாம் திரும்பி ஓடிவரும். என்னிடம் பேசாத பேச்செல்லாம் அவற்றோடு பேசினார். குட்டியைக் கழுவித் துடைத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். எழுந்து வேலையைப் பார்க்கப் போய்விடுவேன்.

பக்கத்து நிலத்தில் ஒரு மலாய்க்காரக் குடும்பம். அந்த அம்மாளை நான் மக்சிக் என்று கூப்பிடுவேன். அவள் வீட்டிலும் நான்கைந்து வெள்ளாடு இருந்தது. எங்கள் ஆட்டைப் பார்த்து முதல் நாள் அவள் "காம்பிங்" என்றாள், வெள்ளாடு என்று அர்த்தம். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "வாலைப் பாருங்க. வெள்ளாட்டுக்கு வால் மேல நிக்கும். இதுக்குக் கீழ தொங்குது பாருங்க" என்று தமிழிலேயே சொன்னார். அவள் சிரித்துக்கொண்டே எங்கள் பட்டியைச் சுற்றி வந்தாள். தரையைக் காட்டி, பிறகு கையைத் தன் இடுப்பளவு உயர்த்தி, "திங்கி, திங்கி" என்றாள். உயரமாகக் கட்டு என்கிறாள். அவளுடைய ஆடுகள் இருப்பது கால்நட்டு உயர்த்திய பலகைக் கொட்டகையில். பிழுக்கையும் மூத்திரமும் இடுக்கு வழியாகக் கீழே விழுந்துவிடும்.

"ஆடு என்ன கிளியா, மரத்துல ஏத்தி வைக்க?" என்றார் அவர்.

பிறகு மழை வந்தது. பினாங்கு மழை எனக்குப் புதிதல்ல. ஆனால் நகரத்துச் சந்தில் மழை சாக்கடையோடு போய்விடும். மலையடிவாரத்தில் அது போவதில்லை. மலையிலிருந்து இறங்கிக்கொண்டே இருக்கும். மெழுகிய தரை நான்காம் நாளே சேறானது. மேலே மண் கொட்டினோம், அதுவும் சேறானது. இரண்டு வாரத்தில் ஒரு பெட்டை முன்னங்காலை மடித்து முட்டி போட்டு மேயத் தொடங்கியது. குளம்பைத் தூக்கிப் பார்த்தால் இரண்டு பிளவுக்கும் நடுவே வெள்ளையாக அழுகியிருந்தது. அந்த நாற்றத்தை இன்னும் என்னால் சொல்லிக் காட்ட முடியாது. அவர் கத்தியால் சீவித் தார் தடவினார். மறுநாள் இன்னொன்று முட்டி போட்டது.

குளம்போடு போயிருந்தால் பரவாயில்லை. கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தால் ரத்தமே இல்லாமல் காகிதம் மாதிரி இருந்தது. மூத்த ஆட்டுக்குத் தாடையின் கீழே பை கட்டியதுபோல நீர் கோத்துக்கொண்டது. அதைக் கண்டதும் அவர் முகம் மாறிவிட்டது.

"இது என்ன நோய்?" என்று கேட்டேன்.

"எங்க ஊர்ல இப்படி ஒண்ணு வந்ததே இல்ல."

"மக்சிக் பாக்குப் பிஞ்சை இடிச்சுக் குடுக்கச் சொல்றாங்க. வயித்துல பூச்சியாம். கொட்டகையையும் தூக்கிக் கட்டணுமாம். ஈரத்துல மேஞ்சா பூச்சி ஏறுதாம்."

"ஆடு மேய்க்கவே பொறந்தவன் நான். ரெண்டு வெள்ளாடு வச்சிருக்கிற பொம்பள எனக்குச் சொல்லித் தராளா?"

"அவங்க ஆடு சாகலையேங்க."

நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அவர் என்னை அடிக்கவில்லை, ஒருநாளும் அடித்ததில்லை. அடுப்பில் அரிவாளைப் பழுக்கக் காய்ச்சி எடுத்துக்கொண்டு பட்டிக்குப் போனார். ஊரில் தீராத நோய்க்குச் சூடு போடுவார்களாம். மூத்த ஆட்டை நான்தான் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. தாடையில் ஒன்று, விலாவில் இரண்டு. அது கத்தக்கூட இல்லை, அதற்குக் கத்தத் தெம்பில்லை. சேற்றில் முட்டி போட்டு அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தேன். முடி கருகும் வாடை வந்தபோது நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் அழுதுகொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் அது செத்தது. டத்தோ கிராமாட் சாலையில் அவர் தோளில் சுமந்த ஆடு அது. அதே வாரம் இன்னொன்றும், அதன் கிடாக்குட்டியும். செய்தி தெரிந்து நானா வந்து பார்த்தார். செத்ததை அறுக்க முடியாது, விற்கவும் முடியாது. அவர் ஒரு கடிந்த சொல்கூடச் சொல்லவில்லை. "என்ன செய்யறது தங்கச்சி, அல்லா குடுத்தான், எடுத்துக்கிட்டான்" என்றார். அவர் திட்டியிருந்தால் என் கணவருக்கு நல்லதாக இருந்திருக்கும் என்று பின்னால் தோன்றியது. ரப்பர் மரத்தடியில் என் கணவரே குழி வெட்டிப் புதைத்தார். மழையில் குழி சரிந்துகொண்டே இருந்தது. மூன்று தடவை வெட்டினார்.

அதன் பிறகு அவர் பட்டிப் பக்கம் போகவில்லை. காலையில் எழுந்து பழையபடி துறைமுகத்துக்குப் போய்விடுவார். ஆறு மைல் நடந்துபோய், வேலை இல்லாமல் ஆறு மைல் திரும்பி நடந்து வருவார்.

அவர் இல்லாத நேரத்தில் நான் கொட்டகையைப் பிரித்தேன். மக்சிக்கும் அவள் புருஷனும் வந்தார்கள். அவள் புருஷன் நீபோங் பனையைப் பிளந்து வரிச்சு போட்டுத் தந்தார். விரற்கடை அளவு இடைவெளி விட்டு, ஒன்றன்பின் ஒன்றாகப் பிரம்பால் கட்டினோம். மக்சிக் தன் பட்டியிலிருந்த ஏறுபலகையையே கழற்றிக்கொண்டுவந்து வைத்தாள். ஐந்து நாள் வேலை. ஆடுகளுக்கு ஏறத் தெரியவில்லை. பாதிப் பலகையில் நின்று நடுங்கின. ஒவ்வொன்றாகப் பின்னாலிருந்து தள்ளி ஏற்றினேன். பாக்குப் பிஞ்சை இடித்துச் சாறெடுத்து மூங்கில் குழலில் ஊற்றி, வாயைத் திறந்து புகட்டினேன். பனி காய்ந்து புல் உலர்ந்த பிறகே வெளியே விட்டேன்.

ஐந்தாம் நாள் மாலை அவர் வந்து நின்று பார்த்தார். வரிச்சு மேல் மூன்று பெட்டையும் நான்கு குட்டியும் அசைபோட்டுக்கொண்டிருந்தன. காலில் சேறு இல்லை. ஏதாவது சொல்வார் என்று நான் காத்திருந்தேன். வரிச்சை ஒரு கையால் அசைத்துப் பார்த்தார். "கெட்டியாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். மூன்றில் இன்னொரு பெட்டையும் பிறகு செத்தது. அதற்கு நோய் முற்றியிருந்தது. அதை நானே புதைத்தேன். மற்றவை தேறின. கிடாக்குட்டிகள் இரண்டையும் நானா ஓட்டிப்போனார். இரண்டு பெட்டையும் இரண்டு பெட்டைக்குட்டியும் மிஞ்சின. அவை தேறத் தேற அவர் மெலிந்துகொண்டே போனார்.

வேலையில்லாதவர்களைச் சர்க்காரே இலவசமாக ஊருக்குக் கப்பலேற்றி அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தலை நிமிராமல் சொன்னார்.

"பேரு குடுத்துட்டேன். ரெண்டு பேருக்கும்."

"என்னைக் கேக்காமலா?"

"அங்க ஆடு இப்படிச் சாகாது புள்ள. என் கைக்கு வெளங்குற ஊரு அது. இங்க என் கை எதுக்கும் ஒதவல."

"எனக்கு அங்க யாரு இருக்காங்க?"

"நான் இருக்கேன்ல."

அடுத்து வந்த இருபது நாளும் எனக்கு இதே யோசனைதான். ஒருநாள் போவதென்று முடிவு செய்வேன். பட்டிக்குப் போய்ப் பார்ப்பேன், முடிவு மாறிவிடும். ஆட்டுக்காகத்தான் நின்றேனா என்று பலர் கேட்டிருக்கிறார்கள். ஆடு மட்டுமல்ல. குழந்தையைப் புதைத்த மண் இங்கே இருந்தது. அதோடு, என் வாழ்நாளில் முதல்முறையாக நான் கட்டிய ஒன்று விழாமல் நின்றது. இதையெல்லாம் அன்று அவரிடம் எடுத்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. "நீங்க போயிட்டு வாங்க, நான் இதைப் பார்த்துக்கறேன்" என்று மட்டும் சொன்னேன். திரும்பி வரப்போவதில்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

கப்பல் நாளன்று டிராமில் கூடப்போனேன். நாகப்பட்டினத்திலிருந்து ஆடு ஏற்றிவந்த கப்பல்தான். ஆடுகளை இறக்கிவிட்டு, தளத்தை ஒப்புக்குக் கழுவிவிட்டு, அதே இடத்தில் ஆட்களை ஏற்றினார்கள். தோட்டத்துச் சனங்கள் ஈரத்தில் பாயை விரித்துக்கொண்டிருந்ததைக் கரையிலிருந்து பார்க்க முடிந்தது. படகில் ஏறும் முன் அவர் என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். பிரம்பு கிழித்த காயங்கள் ஆறியிருக்கவில்லை.

"குளம்பை மாசத்துக்கு ஒருதரம் சீவிடு" என்றார். "ரத்தம் வர்ற அளவுக்குச் சீவாத."

நான் தலையாட்டினேன். அவர் படகில் உட்கார்ந்து கடைசிவரை எங்களுடைய கரையைப் பார்க்கவில்லை, கப்பலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தனியாக ஒரு பெண் மலையடிவாரத்தில் ஆட்டோடு இருப்பது அந்தக் காலத்தில் லேசான காரியமல்ல. மக்சிக் வீடு கூப்பிடு தூரத்தில் இருந்ததால் இருந்தேன். நானா ஒப்பந்தத்தை மாற்றவில்லை; அடுத்து வந்த கப்பலிலிருந்து பொலிக்கு ஒரு கிடாவையும் தந்தார். முதல் வருடம் ஒரு குட்டியை மலைப்பாம்பு கொண்டுபோயிற்று. வெட்டிய லாலான் கையைக் கிழிக்கும். குட்டிக்கு மூக்கொழுகினால் எனக்குச் சோறு இறங்காது. சோர்ந்து உட்கார்ந்துவிட்ட நாட்கள் நிறைய. ஆனாலும் நான்கு ஏழாயிற்று, ஏழு பதினொன்றாயிற்று. அந்த மழையிலும் தாக்குப்பிடித்த பெட்டைகளின் குட்டிகளையே வைத்துக்கொண்டேன். நோய் தாங்காதவை தாமாகவே போய்விட்டன.

அவர் ஒரே ஒரு கடிதம் போட்டார். யாரோ எழுதிக்கொடுத்தது. நான் பள்ளிக்கூடத்தில் மூன்று வருடம் படித்தவள், நானே படித்தேன். நலம், நலமறிய ஆவல். ஊரில் மழை பெய்து இரண்டு வருடமாகிவிட்டது. ஆட்டுக்குத் தண்ணீரில்லை. அண்ணன் மந்தையில் பாதி செத்துவிட்டது. உன்னுடைய ஆடுகள் எப்படி இருக்கின்றன? அவ்வளவுதான். எப்படி இருக்கிறாய் என்று தனியாக எழுதவில்லை. நான் நான்கு பக்கம் பதில் எழுதினேன், எல்லாம் ஆட்டைப் பற்றித்தான். அது அவர் கைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று தெரியவில்லை.

அடுத்த கடிதம் அவர் அண்ணனுடையது. காய்ச்சலில் ஏழாம் நாள் போய்விட்டார் என்று எழுதியிருந்தது. அது என் பழைய சந்து விலாசத்துக்குப் போய், அங்கே பக்கத்தில் குடியிருந்த இரண்டு அக்காமார் அதை எடுத்துக்கொண்டு டிராமேறி என்னைத் தேடி வந்தார்கள். முற்றத்திலேயே ஒருத்தி என்னைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழத் தொடங்கினாள். மற்றவள் முந்தானையில் மஞ்சளும் குங்குமமும் முடிந்து கொண்டுவந்திருந்தாள். எனக்குச் செய்யவேண்டியதை முறைப்படி செய்துவிட்டுப் போகத்தான் வந்திருந்தார்கள்.

அப்போது பட்டியில் ஒரு பெட்டை குட்டி போட முடியாமல் முக்கிக்கொண்டிருந்தது. காலையிலிருந்தே முக்கியது. குட்டியின் ஒரு கால் மட்டும் வெளியே வந்து, தலை உள்ளே மடங்கியிருந்தது. கையில் எண்ணெய் தடவிக்கொண்டு நான் உள்ளே போகப்போன நேரத்தில்தான் அவர்கள் வந்தார்கள். கடிதத்தைப் படித்தேன். திரும்பவும் படித்தேன். மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன்.

"அக்கா, கொஞ்சம் உட்காருங்க. வந்துடறேன்."

"அடிப்பாவி, எங்கடி போற?" என்றாள் ஒருத்தி.

ஏறுபலகையில் ஏறினேன். வரிச்சு மேல் படுத்து, கையை உள்ளே விட்டு, குட்டியின் மூக்கைத் தேடினேன். விரலுக்கு அகப்பட்டது, வழுக்கியது, மறுபடியும் அகப்பட்டது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. வெளியே அவர்கள் அழுவதை நிறுத்திவிட்டு, ஒருத்திக்கொருத்தி குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. புருஷன் செத்த சேதி வந்தும் ஆட்டைப் பார்க்கப் போனவள் என்று பின்னாளில் அந்தச் சந்தில் என்னைப் பற்றிச் சொன்னார்கள். அது பொய்யில்லை, அதனால் நான் மறுத்ததில்லை. குட்டி வந்தபோது அசையவில்லை. பின்னங்காலைப் பிடித்துத் தூக்கி உதறினேன், மூக்கைத் துடைத்து ஊதினேன். தும்மியது. தாய் தலையைத் திருப்பி அதை நக்கத் தொடங்கியதும் நான் இறங்கினேன்.

தொட்டித் தண்ணீரில் முழங்கை வரை கழுவிக்கொண்டு போய், அவர்கள் முன்னால் தரையில் உட்கார்ந்து கையை நீட்டினேன். வளையல்களை அவர்கள்தான் உடைத்தார்கள்.